சோப்பில் வாசனை நிற்கவில்லையா, தூக்கலாகிவிட்டதா? கோளாறைப் பார்த்து அளவைத் திருத்தும் வழி

காய்ந்த சோப்பில் வாசனை இல்லையென்றால் அடுத்த தடவை இரண்டு மூடி கூடுதலாக ஊற்றுவது, கலவை கட்டிதட்டினால் அந்தப் பாட்டிலையே தூக்கிப் போடுவது. வீட்டில் சோப்பு செய்கிற நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள். இரண்டுமே காசைக் கரைக்கிற வழி. வீட்டு சோப்பில் கிராமுக்குக் கிராம் விலை கூடின பொருள் பெரும்பாலும் வாசனை எண்ணெய்தான், காரம் (காஸ்டிக் சோடா) சரியாக வெந்த சோப்பில் தோலை உறுத்த வாய்ப்பு அதிகமுள்ள பொருளும் அதுதான். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: மணத்தில் என்ன கோளாறு வந்தாலும் அளவைக் கூட்டுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. எதன் மேல் சதவீதம் போட்டீர்கள், ஊற்றியது எந்த எண்ணெய், எந்தச் சூட்டில் சேர்த்தீர்கள், சோப்பை எங்கே காயவைத்தீர்கள்.

கீழே ஒவ்வொரு கோளாறாக எழுதியிருக்கிறேன். உங்களுடையதற்கு நேராகப் போய்விடலாம், ஆனால் முதலில் வரும் கணக்கை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

"3 சதவீதம் போடுங்கள்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எதில் 3 சதவீதம்? குளிர்முறை சோப்பில், அதாவது எண்ணெயோடு காஸ்டிக் சோடாத் தண்ணீரை அடுப்பில் வைக்காமலே கலந்து செய்கிற சோப்பில், வழக்கமாக சோப்பாகும் எண்ணெய்களின் எடையை மட்டும் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். 1000 கிராம் எண்ணெய் என்றால் 30 கிராம் வாசனை. ஆனால் அதே சோப்பில் காஸ்டிக் சோடா 140 கிராமை ஒட்டியும் தண்ணீர் 300 கிராமை ஒட்டியும் இருக்கும் (உங்கள் எண்ணெய்களைப் பொறுத்து இது மாறும், காரத்தின் அளவை எப்போதும் சோப்பு கால்குலேட்டரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும்). மொத்தக் கலவை 1440 கிராம். இதில் 3 சதவீதம் என்று எடுத்தால் 43 கிராம் ஆகிவிடும், எண்ணெய்க் கணக்கில் பார்த்தால் அது 4.3 சதவீதம். ஒரே எண், 13 கிராம் வித்தியாசம். அரை கிலோ செய்முறையில் இது தெரியாது, அஞ்சு கிலோ போடும்போது பாட்டிலே காலியாகும்.

வாசனை எண்ணெய் விற்பவரிடம் கேட்டால் இஃப்ரா சான்று தருவார்கள், தர வேண்டும். சர்வதேச வாசனைப் பொருள் சங்கம் வகுத்திருக்கும் உச்ச வரம்பு அதில் பொருள் வாரியாக இருக்கும். சோப்பு, ஷாம்பூ மாதிரி கழுவி விடுகிற பொருட்களுக்கு 9-ஆம் வகை. அந்த வரம்பு முடிந்த சோப்பின் மொத்த எடைக்கானது, உங்கள் எண்ணெயின் எடைக்கானது இல்லை. 9-ஆம் வகைக்கு 2 சதவீதம் என்று போட்டிருந்தால், மேலே சொன்ன சோப்பு காய்ந்து 1250 கிராம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஊற்றக்கூடிய உச்சம் 25 கிராம்தான். சான்றில் பெரிய எண் போட்டிருக்கிறதே என்று அவ்வளவையும் ஊற்ற வேண்டியதும் இல்லை. அது பாதுகாப்புக்கான எல்லை மட்டும்தான், நல்ல சோப்புக்கான பரிந்துரை கிடையாது.

ஆரம்பிக்க ஒரு அளவு வேண்டுமென்றால், சான்றின் வரம்புக்குள், நான் சொல்வது: குளிர்முறைக்கு ஃப்ராக்ரன்ஸ் ஆயில் (கலந்து தயாரித்த வாசனை) என்றால் எண்ணெய் எடையில் 3 சதவீதம், எசென்ஷியல் ஆயில் (செடியிலிருந்து எடுத்த வாசனை எண்ணெய்) என்றால் 2 முதல் 3. கிளிசரின் பேஸை, அதாவது கடையில் கிடைக்கும் ஆயத்த சோப்புக் கட்டியை, உருக்கி ஊற்றுகிற சோப்புக்கு பேஸ் எடையில் 1 முதல் 2, எவ்வளவு ஆசைப்பட்டாலும் 3-ஐத் தாண்ட வேண்டாம். அடுப்பில் வேகவைக்கும் சோப்பில் காரம் எல்லாம் தீர்ந்த பிறகு வாசனை சேர்ப்பதால் 2 சதவீதமே கணிசமாகத் தெரியும். கிராம்பு எண்ணெய், பட்டை இலை எண்ணெய் இரண்டும் தனி ரகம், அவை அரை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இலையில் இல்லாமல் பட்டையிலிருந்தே எடுக்கிற எண்ணெய் தோலுக்கு ஆகவே ஆகாது, அதை நான் சோப்பில் சேர்க்கவே சொல்ல மாட்டேன்.

"ஊற்றும்போது கமகம என்று இருந்தது, நாலு வாரத்தில் ஒன்றுமே இல்லை"

அதிகம் வரும் புகார் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதல் காரணம் உங்கள் மூக்கு. சோப்பு காயும் அறையிலேயே நாள் முழுக்கப் புழங்கினால் அந்த வாசனை மூக்குக்குப் பழகிவிடும். ஒரு சோப்பைத் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு வேறு அறையில் வையுங்கள், ரெண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் யாரிடமாவது கொடுத்துக் கை கழுவச் சொல்லுங்கள். உலர்ந்த கட்டியை மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் பட்டு நுரைக்கும்போதுதான் உள்ளே இருக்கும் மணம் வெளியே வரும். வாசனை போய்விட்டது என்று ஒதுக்கிவைத்த சோப்பில் பாதி இந்தச் சோதனையில் தேறிவிடும்.

தேறவில்லையா, அப்படியென்றால் எந்த எண்ணெய் என்று பாருங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் எண்ணெய்கள் குளிர்முறை சோப்பில் நிற்காது. அவற்றில் பெரும்பகுதி லிமோனீன், லேசாக ஆவியாகிவிடும் பொருள். பச்சைக் காரத்தின் நடுவே ஒரு நாள் இருந்துவிட்டு நாலு வாரம் காற்றில் காய்ந்தால் மிச்சம் என்ன இருக்கும்? 3-ஐ 5 ஆக்கினாலும் இதே கதைதான், இன்னும் ஒரு வாரம் கூட வரும், அவ்வளவுதான். நீலகிரித் தைலமும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஊட்டியிலிருந்து வாங்கிவந்த தைலம் பாட்டிலில் மூக்கைத் துளைக்கும், சோப்பில் ஒரு மாதத்துக்குப் பிறகு லேசான மருந்து வாடைதான் நிற்கும்.

இதற்கு வழி, அதே குடும்பத்தில் கனமான ஒன்றைத் துணைக்குச் சேர்ப்பது. எலுமிச்சை மணம்தான் வேண்டுமென்றால் எலுமிச்சைப்புல் எண்ணெயை எடுங்கள், அதிலுள்ள சிட்ரால் சோப்பில் நன்றாகவே தாங்கும், சோப்பைக் கொஞ்சம் மஞ்சளாக்கும் என்பது தவிரக் குறையில்லை. ஆரஞ்சுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் செறிவூட்டிய ஆரஞ்சு எண்ணெய் கிடைக்கிறது, பத்து மடங்கு என்று போட்டிருப்பார்கள், அதோடு கொஞ்சம் பச்சோலி (மண்வாசனை உள்ள ஒரு இலை எண்ணெய்) அல்லது வெட்டிவேர் எண்ணெய். அடியில் கனமான வாசனை ஒன்று இருந்தால் மேலே உள்ள லேசான வாசனை அவ்வளவு சீக்கிரம் பறந்துபோகாது. 30 கிராம் கலவையில் 5 கிராம் பச்சோலி போதும், அதற்கு மேல் போனால் மண்வாசனை முன்னால் வந்து நிற்கும். வெட்டிவேர் எண்ணெய் விலை அதிகம், ஆனால் ஒன்றிரண்டு கிராமே வேலை செய்யும்.

சிலர் வாசனையைக் களிமண் பவுடரில் ஊறவைத்துச் சேர்க்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு மேசைக்கரண்டி கேயோலின் (வெள்ளைக் களிமண்) சேர்ப்பதில் கெடுதல் இல்லை, சோப்பு வழுவழுப்பாக வரும். ஆனால் நிற்காத எண்ணெயை அது நிறுத்திவிடும் என்று நம்பி அளவைத் தீர்மானிக்காதீர்கள்.

இன்னொன்று, மணத்துக்காகப் பொடி போடுவது. ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர்ப் பொடி, பன்னீர் எல்லாம் நம் ஊர் சோப்புகளில் தாராளமாக விழுகின்றன. நலங்கு மாவில் மணக்கிறதே, சோப்பில் ஏன் மணக்காது என்று கேட்பார்கள். நலங்கு மாவில் காரம் இல்லை. காஸ்டிக் சோடாவோடு சேர்ந்த பன்னீரில் ரோஜா வாசம் அன்றைக்கே போய்விடும், இதழ் பழுப்பாகும். நிறத்துக்காக, உரசலுக்காக, பெயருக்காகப் போடுங்கள், மணத்துக்காக வேண்டாம்.

அப்புறம் காயவைக்கிற இடம். மின்விசிறிக்கு நேர் கீழேயோ மொட்டை மாடியில் வெயில் படுகிற மாதிரியோ வைத்தால் தண்ணீரோடு வாசனையும் போகும். காற்று ஓட்டம் வேண்டும், ஆனால் நிழலில், அலமாரித் தட்டில், ஒரு கட்டிக்கும் இன்னொன்றுக்கும் விரல் இடைவெளி விட்டு. நாலு வாரம் ஆனதும் காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வெவ்வேறு வாசனை சோப்புகளை ஒரே பெட்டியில் போட்டால் எல்லாம் ஒரே வாசனையாகிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மணம் குறைவுதான் என்றால், சான்றின் வரம்புக்குள் அரை சதவீதம் அரை சதவீதமாகக் கூட்டுங்கள். 3-லிருந்து 3.5. ஒரே தாவலாக 5-க்குப் போகாதீர்கள்.

"ஊற்றின அடுத்த நிமிஷம் கலவை கட்டிதட்டிவிட்டது"

கிராம்பு எண்ணெய் செய்கிற வேலையை ஒரு தடவை கிட்டே இருந்து பார்த்தால் மறக்காது. சேர்த்துக் கிளறத் தொடங்கியதும் அது விழுந்த இடம் லேசாகப் பழுப்பேறும், கரண்டியைத் தூக்கினால் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது சில வினாடியில் திட்டுத் திட்டாக விழும், கொஞ்ச நேரத்தில் கரண்டி உள்ளேயே நட்டுக்கொண்டு நிற்கும், எவர்சில்வர் பாத்திரத்தின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாத அளவு சுடும். கிராம்பில் இருக்கும் யூஜினால் காரத்தோடு சேர்ந்து சோப்பாகும் வேகத்தைத் தட்டிவிடுகிறது. பட்டை இலை எண்ணெயிலும் யூஜினால்தான். ஃப்ராக்ரன்ஸ் ஆயில்களில் மல்லிகை, ரோஜா, சம்பங்கி மாதிரி பூ வாசனைகளும் மசாலா வாசனைகளும் இந்த வேலையைச் செய்வதில் பேர்போனவை.

அளவு இங்கே நேரடியாகப் பேசும். கிராம்பு எண்ணெய் 1000 கிராமுக்கு 3 கிராம் என்றால் சமாளிக்கலாம், 15 கிராம் என்றால் அச்சில் ஊற்ற நேரம் கிடைக்காது. பூ வாசனை ஃப்ராக்ரன்ஸ் ஆயில் என்றால் 3-லிருந்து 2 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

மிச்சமெல்லாம் சூடும் கையும். நம் ஊர் சித்திரை வைகாசியில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும், காஸ்டிக் தண்ணீர் ஆறிவிட்டது என்று நாம் நினைத்தாலும் ஆறியிருக்காது. தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், எண்ணெய், காரத் தண்ணீர் இரண்டும் 30-35-க்குள் வரட்டும், தேவையென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தட்டில் உட்காரவையுங்கள். தேங்காய் எண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் மாதிரி மெதுவாகப் போகிறவற்றைக் கூட்டலாம், அப்போது காரத்தின் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். தண்ணீரைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிளெண்டரை எண்ணெயும் காரமும் ஒன்றாகச் சேரும் வரைக்கும்தான் ஓட்ட வேண்டும். வாசனை ஊற்றியதும் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு விஸ்க்கால் கையில் கலக்குங்கள். நான்கு நிறத்தில் சுழி போடும் ஆசை இருந்தால் இந்த எண்ணெய்களோடு வேண்டாம்.

கட்டிதட்டியே விட்டது என்றால் தூக்கிப் போடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஏனென்றால் உள்ளே காரம் இன்னும் உயிரோடு இருக்கிறது, பாத்திரத்தைக் கொதிநீர் இருக்கும் பெரிய பாத்திரத்தின் மேல் வைத்து மூடி, அவ்வப்போது கிளறி விடுங்கள். கொஞ்ச நேரத்தில் இளகி, ஒரு மணி நேரத்தை ஒட்டி வாஸ்லின் மாதிரி பளபளப்பாக வரும். அச்சில் அமுக்கி வைத்தால் அழகு குறைந்த, ஆனால் நன்றாகவே நுரைக்கும் சோப்பு கிடைக்கும். வாசனையில் கொஞ்சம் போயிருக்கும். அலுமினியப் பாத்திரம் மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

ஒரு எச்சரிக்கை: துணிக்கு அடிக்கிற சென்ட்டை ஊற்றாதீர்கள். அதில் பெரும்பகுதி ஆல்கஹால், கலவையை உடனே இறுக்கிவிடும், மணமும் தராது. அகர்பத்திக்கும் மெழுகுவர்த்திக்கும் விற்கிற வாசனையும் தோலுக்கானது என்று எழுத்தில் இருந்தாலொழிய வேண்டாம்.

"அரிசிக் குருணை மாதிரி ஆகிவிட்டது" அல்லது "எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கிறது"

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதுதான். வாசனை எண்ணெயில் உள்ள ஏதோ ஒன்று, கலவையில் உள்ள கெட்டியான கொழுப்போடு ஒட்டிக்கொண்டு குருணை கட்டுகிறது. பிளெண்டரை மறுபடி விட்டு நன்றாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். அதற்குள் கெட்டியும் ஆகியிருக்கும், சட்டென்று அச்சில் கொட்டுங்கள். சேரவேயில்லை, மேலே எண்ணெய் மிதக்கிறது என்றால் மேலே சொன்ன கொதிநீர் வழிதான். அடுத்த தடவை அதே வாசனை எண்ணெயைக் காரம் சேர்ப்பதற்கு முன்பே, இளஞ்சூடான எண்ணெய்களில் கலந்துவிட்டுப் பாருங்கள், பல எண்ணெய்கள் அப்படிச் சேர்த்தால் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

"சோப்பு வியர்க்கிறது, பிசுபிசுக்கிறது"

இங்கே முதலில் வியர்ப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். விரலால் தொட்டு, இரண்டு விரலையும் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் மாதிரி, கொஞ்சம் ஒட்டுகிற மாதிரி, தனியாக மணமில்லாமல் இருந்தால் அது கிளிசரின் காற்றிலிருந்து இழுத்த ஈரம். கிளிசரின் பேஸ் சோப்பில் இது சகஜம், சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி மழையில் ஒரே இரவில் முத்து முத்தாக நிற்கும். இதற்கும் வாசனை அளவுக்கும் சம்பந்தம் இல்லை. அச்சிலிருந்து எடுத்து ஆறியதும் பிளாஸ்டிக் உறையால் இறுக்கிச் சுற்றிவிட்டால் தீர்ந்தது.

விரலில் எண்ணெயாக வழுக்கி, கை கழுவினாலும் வாசனை போகாமல் இருந்தால் அது நீங்கள் ஊற்றின வாசனைதான். பேஸ் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. 500 கிராம் பேஸில் 25 கிராம் ஊற்றியிருந்தால் 5 சதவீதம், எந்தப் பேஸும் அதைச் சுலபமாகப் பிடித்துவைக்காது. துண்டுபோட்டு உருக்கி, வாசனை போடாத இன்னொரு 750 கிராம் பேஸைச் சேருங்கள், மொத்தம் 1250 கிராமில் 25 கிராம், 2 சதவீதத்துக்கு வந்துவிடும். அளவு சரியாக இருந்தும் கசிகிறதென்றால் சேர்த்த சூட்டைப் பாருங்கள், பேஸ் ஆறி ஓரம் ஏடு கட்டத் தொடங்கிய பிறகு ஊற்றினால் எண்ணெய் பரவாமல் குழிகுழியாக நின்றுவிடும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆவியாகும். 60 டிகிரியை ஒட்டிச் சேர்த்து, நுரை கிளப்பாமல் ஒரு நிமிஷம் நிதானமாகக் கலக்குங்கள்.

குளிர்முறை சோப்பில் வெட்டின பக்கத்தில் எண்ணெய்த் துளிகள் தெரிந்தால் சில நாள் விட்டுப் பாருங்கள், சோப்பு காயக் காயப் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்காமல் சோப்பும் கொழகொழவென்றே இருந்தால் அளவு கூடிவிட்டது அல்லது சரியாகக் கலக்கவில்லை.

"வெள்ளையாக ஊற்றினேன், பழுப்பாகிவிட்டது"

பாட்டிலில் வனிலின், அதாவது வனிலா மணம் தரும் பொருள், எவ்வளவு என்று கேளுங்கள். வனிலா, சாக்லேட், காபி என்று பெயர் இருந்தால் மட்டும் அல்ல, சந்தனம் என்றும் பால் என்றும் பெயர் போட்ட ஃப்ராக்ரன்ஸ் ஆயில்களிலும் வனிலின் இருக்கும். வெட்டினபோது பளிச்சென்று இருந்த கட்டி, காற்று படுகிற வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி நிறம் மாறிக்கொண்டே வரும், சில வாரம் கழித்து நடுவில் மட்டும் வெளுப்பாக ஒரு வட்டம் தெரியும், அப்புறம் அதுவும் போகும். அளவைப் பாதியாக்கினால் கரும்பழுப்பு இளம்பழுப்பாகும், வெள்ளை மட்டும் திரும்பி வராது. வெள்ளை வேண்டுமென்றால் எண்ணெயை மாற்றுங்கள். நிறம் மாறும் என்று தெரிந்தே செய்வதானால் பாதிக் கலவையில் மட்டும் வாசனை சேர்த்து இரண்டு நிறமாக ஊற்றலாம், மொத்த அளவும் தானாகக் குறையும். மல்லிகை வாசனைகளில் உள்ள இண்டோலும் கிராம்பின் யூஜினாலும் இதே மாதிரி நிறத்தைக் கெடுக்கும், ஆனால் இவ்வளவு ஆழமாக இல்லை.

நிறம் மாறியதால் சோப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் முழுக்க மாறாமல் அங்கங்கே ஆரஞ்சுப் புள்ளி விழுந்து, பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் அது வாசனையின் வேலை இல்லை, உங்கள் எண்ணெய் காறிவிட்டது. அதை மூடி மறைக்க வாசனையைக் கூட்டுவதில் பிரயோசனமே இல்லை.

"வேப்பெண்ணெய் வாடை எதற்கும் அடங்கவில்லை"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சோப்பு செய்யத் தொடங்குகிற வீடுகளில் வேப்பெண்ணெய் சோப்பு இல்லாத வீடு குறைவு. செக்கில் ஆட்டின வேப்பெண்ணெயின் அந்தப் பூண்டு மாதிரி வாடைக்குக் காரணம் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். காரத்தில் வெந்தாலும் முழுக்கப் போகாது. வேப்பெண்ணெயை மொத்த எண்ணெயில் 30 சதவீதம் போட்டுவிட்டு அதன் மேல் 5 சதவீதம் ரோஜா ஊற்றினால், ரோஜாவும் வேப்பெண்ணெயும் சேர்ந்த மூன்றாவது ஒரு வாடை வரும், அதைத் தாங்கவே முடியாது.

இங்கே திருத்த வேண்டியது வாசனையின் அளவை இல்லை, வேப்பெண்ணெயின் அளவை. 5 முதல் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள். வாசனையையும் எதிர்த்து நிற்கிற மாதிரி எடுக்காமல், ஒத்துப்போகிற மாதிரி எடுங்கள். பூ வாசனை, பழ வாசனை இதன் பக்கத்தில் எடுபடாது. பச்சையும் மண்ணும் மசாலாவும் கலந்த வாசனைகள் எடுபடும். 1000 கிராம் எண்ணெய்க்கு எலுமிச்சைப்புல் 15 கிராம், பச்சோலி 5 கிராம், கிராம்பு 3 கிராம், மொத்தம் 23. முதல் வாரம் வேப்பெண்ணெய்தான் முன்னால் நிற்கும், பயப்படாதீர்கள். காயக் காய அது பின்னால் போகும், எலுமிச்சைப்புல் நிற்கும். ஆறு வாரம் கழித்து வாங்குகிறவர் "மூலிகை வாசனை" என்றுதான் சொல்வார்.

புங்கெண்ணெய்க்கும் இதே கணக்கு. செக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் வாடையும் லேசாகத் தங்கும். மென்மையான லாவெண்டர், ரோஜா மாதிரி வாசனைக்கு அடியில் இவை தெரியும், அப்போது வாசனையைக் கூட்டாமல் சுத்திகரித்த எண்ணெய்க்கு மாறுங்கள்.

"தோல் அரிக்கிறது, எரிகிறது"

இதில் சமரசமே வேண்டாம், அந்த சோப்பை உடனே நிறுத்துங்கள். முதலில் காரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈர விரலைச் சோப்பில் தேய்த்து நாக்கு நுனியில் லேசாகத் தொடுங்கள், சுரீர் என்று மின்சாரம் மாதிரி அடித்தால் காரம் கூடியிருக்கிறது, வாசனையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் சோப்புச் சுவை மட்டும் என்றால் சந்தேகம் வாசனை மேல் திரும்ப வேண்டும். புதினா எண்ணெய் 2 சதவீதத்துக்கு மேல் போனால் குளிர்ச்சி எரிச்சலாக மாறும், கிராம்பும் பட்டையும் கொஞ்சம் கூடினாலே காட்டிக்கொடுக்கும். பழைய ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெயும் ஒரு காரணம், காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆன லிமோனீன் புதியதைவிட ஒவ்வாமை தருவதில் மோசம்.

"இயற்கையானது, எவ்வளவு போட்டாலும் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை நம்பாதீர்கள். எசென்ஷியல் ஆயில் என்பது கிலோக்கணக்கான இலையையும் பட்டையையும் ஒரு சின்ன பாட்டிலுக்குள் சுருக்கினது, தோலுக்கு அது இயற்கையா செயற்கையா என்று தெரியாது. கைக்குழந்தைக்குச் செய்கிற சோப்பில் வாசனையின் அளவு பூஜ்யம். குறிப்பாக நீலகிரித் தைலம், கற்பூரம், புதினா மூன்றையும் பச்சைக் குழந்தையின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகவே கூடாது.

"தூக்கலாகிவிட்டது, குளியலறையில் நிற்கவே முடியவில்லை"

குளிர்முறை சோப்பு என்றால் அவசரப்படாமல் இன்னும் ஒரு மாதம் திறந்த தட்டில் விடுங்கள். அப்படியும் அடங்கவில்லை, அல்லது சான்றின் வரம்பைத் தாண்டிவிட்டது என்றால் கலப்புதான் வழி. 1000 கிராம் எண்ணெய்க்கு 50 கிராம் ஊற்றிவிட்டீர்கள் என்றால், அதே செய்முறையில் வாசனையே இல்லாமல் இன்னொரு 1000 கிராம் போடுங்கள், இரண்டையும் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கொதிநீர் மேல் வைத்து இளக்கி அச்சில் அமுக்குங்கள். 2.5 சதவீதம் ஆகிவிடும், சூட்டில் இன்னும் கொஞ்சம் குறையும். வரம்பைத் தாண்டின சோப்பை அப்படியே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடாதீர்கள், துணி துவைக்கக்கூட, கையில் படுகிற பொருள்தானே.

"அதே செய்முறை, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி வருகிறது"

மில்லியிலும் சொட்டிலும் மூடியிலும் அளந்தால் வேறு எப்படி வரும்? 30 மில்லி ஆரஞ்சு எண்ணெய் 25 கிராம்தான், 30 மில்லி கிராம்பு எண்ணெய் 31 கிராமுக்கு மேல். சொட்டுக் கணக்கு இன்னும் மோசம், வெட்டிவேர் எண்ணெய் தேன் மாதிரி கெட்டி, அதன் சொட்டும் ஆரஞ்சின் சொட்டும் ஒன்றில்லை. சமையலறைத் தராசு 1 கிராம் படியில் காட்டும், 200 கிராம் எண்ணெயில் 3 சதவீதம் என்பது 6 கிராம், அதில் ஒரு கிராம் தவறினால் ஆறில் ஒரு பங்கு போச்சு. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள், வாசனைக்கும் நிறத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் முன்கூட்டியே அளந்து வைத்துவிட்டால் கலவை கெட்டியாகும் நேரத்தில் கை நடுங்காது.

தராசும் சரி, செய்முறையும் சரி என்றால் பாட்டிலைப் பாருங்கள். விற்பவர் எண்ணெயை நீர்த்திருக்கலாம். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு மல்லிகை எசென்ஷியல் ஆயில் என்று எழுதி வந்தால் அது ஃப்ராக்ரன்ஸ் ஆயில்தான், மல்லிகையை நீராவியில் வடிப்பதில்லை, சால்வன்ட் கொண்டு எடுக்கிறார்கள், அந்த விலைக்கு ஒரு பாட்டில் வராது. ஃப்ராக்ரன்ஸ் ஆயில் போடுவதில் தப்பே இல்லை, அதை அதன் பெயரில் வாங்கி அதன் சான்றைப் பார்த்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். கடை மாறினால் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண்ணெய் வேறு என்றே எடுத்துக்கொண்டு, 200 கிராம் எண்ணெயில் ஒரு சின்னச் சோதனை போட்டு, கட்டிதட்டுகிறதா, நிறம் மாறுகிறதா, நாலு வாரத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுப் பெரிய அளவுக்குப் போங்கள்.

மிச்ச எண்ணெயை அடர்நிறக் கண்ணாடி பாட்டிலில், கழுத்து வரை நிரம்பும்படி சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். ரப்பர் சொட்டுமூடியோடு வைக்காதீர்கள், ரப்பர் இளகி எண்ணெயில் கரையும். வாங்கின தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், ஆரஞ்சு எலுமிச்சை வகைகள் ஒரு வருஷம் தாண்டி டர்பென்டைன் மாதிரி மணக்க ஆரம்பித்தால் சோப்பில் போடாதீர்கள்.